புல்வெளி நாடோடியரின் போரும் கலைச் சான்றும்: ஒரு விமரிசன நோக்கு

பண்டைய ஐரோவாசியப் புல்வெளிகளில் வாழ்ந்த சித்தியர், சகர் முதலாய நாடோடி மக்களின் போர்முறையை விளக்க முற்படுவோர், கலைப்பொருட்களையே முதன்மைச் சான்றாக முன்வைப்பது வழக்கமாகியுள்ளது. பொற்சீப்பிலும் கலத்திலும் பொறிக்கப்பட்ட வீரனின் உருவத்திலிருந்து வில்லும் வாளும் கவசமும் அளந்தெடுக்கப்படுகின்றன. படைக்கலத்தின் வடிவத்தை அறிய இம்முறை பயன்படுமென்பதில் ஐயமில்லை. ஆனால், போர் எவ்வாறு நடைபெற்றது என்பதையும் அவ்வுருவங்களிலிருந்தே வருவித்துக்கொள்ளலாமா என்பது வேறு வினா. ஒரு கலைப்பொருள் யாரால், யாருக்காக ஆக்கப்பட்டது என வினவாது அதனைச் சான்றாகக் கொள்வது ஆய்வாகாது.

1830இல் கேர்ச் நகரின் அருகே குல்-ஓபா கல்லறை மேட்டில் கண்டெடுக்கப்பட்ட கலத்தில், சித்தியன் ஒருவன் வில்லுக்கு நாணேற்றுகிறான். மற்றொருவன் தோழனின் காலுக்குக் கட்டிடுகிறான். 1913இல் தினீப்பர் ஆற்றுப் பகுதியின் சொலோகா மேட்டில் கிடைத்த பொற்சீப்பிலோ, குதிரைவீரன் ஒருவன் ஈட்டியுடன் பாய, குதிரையை இழந்தவன் தரையில் நின்று எதிர்க்கிறான். இவ்விரண்டும் கிரேக்கக் கலைமரபில் தேர்ந்த கைவினைஞரின் ஆக்கங்கள். இவற்றை உடைமையாகக் கொண்டோர் சித்தியத் தலைவர்கள். சொலோகா வீரனின் தலைக்கவசமே கிரேக்கப் பாணியிலானது. செர்தொம்லிக் கல்லறையில் கிடைத்த விற்கூட்டின் பொன்னுறையில் கிரேக்க வீரனான அக்கிலீஸின் வரலாறு சித்திரிக்கப்பட்டுள்ளதென அறிஞர் பலர் கருதுவர். நாடோடியின் தலையாய படைக்கலத்தையே அயலாரின் காவியக் கதை போர்த்தியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, இவ்வுருவங்கள் எதனைக் காட்டவில்லை என்று நோக்குவோம். மரம், கொம்பு, தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்த குறுவில்லே இம்மக்களின் வலிமைக்கு அடிப்படை. அது குதிரைமீதிருந்து எய்வதற்கு ஏற்ற அளவினது. தொலைவிலிருந்து அம்பு பொழிந்து, பகைவன் நெருங்குமுன் விலகுவதே அவர்தம் உத்தி. கி.மு. 513 அளவில் பாரசீக மன்னன் முதலாம் தாரியஸ் படையெடுத்தபோது, சித்தியர் நேருக்கு நேர் பொருதாது, கிணறுகளைத் தூர்த்துப் புல்லை அழித்துப் பின்வாங்கினரென ஹெரடோட்டஸ் கூறுகிறார். ஆனால், பின்வாங்கும் படையைப் பொற்கொல்லன் எவனும் வடிக்கவில்லை. தலைவன் விரும்பியது நேர்நின்று பொருதும் வீரத்தின் தோற்றமே. சீப்பிலுள்ள போர், நடந்த போரைவிடத் தலைவர் குழாத்தின் தன்மதிப்பையே நமக்குக் கூறுகிறது.

அவர்தம் சொந்தக் கலையோ வேறு கதை சொல்கிறது. அல்தாய் மலையின் பசிரிக் கல்லறைகளை 1947-49இல் ருதெங்கோ அகழ்ந்தார். அங்கு உறைபனி காத்துத் தந்த கம்பளப் பொருட்களிலும் மரச்செதுக்கல்களிலும் பெரிதும் காணப்படுவன மான்களும், விலங்கை விலங்கு பற்றும் காட்சிகளுமே. மனிதர் பொருதும் காட்சி அருமை. மேலும், சித்தியப் பெண்கள் சிலரின் புதைகுழிகளில் அம்பும் ஈட்டியும் கிடைத்துள்ளன. கிரேக்கர் இப்பெண்களை அமேசோனியர் என்ற புராணமாக்கினர். பொற்கலங்களோ அவர்களைப் போர்க்களத்தில் காட்டவேயில்லை. வில்லை ஒட்டியவனும், கம்பளம் அடித்தவளும், குதிரை மேய்த்த சிறுவனும் அவ்வாறே மறைந்து போயினர்.

இப்போக்கு இந்தியாவிலும் தொடர்ந்தது. 1911இல் மதுராவின் அருகே மாட் என்னுமிடத்திற் கிடைத்த கனிஷ்கரின் தலையற்ற சிலை, நீண்ட அங்கியும் கனத்த காலணியும் அணிந்து வாளும் தண்டமும் தாங்கி நிற்கிறது. குதிரையும் இல்லை; வில்லும் இல்லை. புல்வெளியின் உடை எஞ்ச, புல்வெளியின் போர் மறைந்தது. நாடோடி மரபினன் அரசனாகியதும் படைக்கலம் ஆட்சிச் சின்னமாகிவிட்டது. தெற்கே நாகார்ச்சுனகொண்டாவில் சகர் உடையில் ஈட்டியேந்தி நிற்பவனோ வெறும் காவலன். கலை ஒன்றே, ஆனால் வர்க்க நிலைக்கேற்ப உருவின் பொருள் மாறுகிறது.

இந்நோக்கு நமது சான்றுகளுக்கும் வேண்டற்பாலது. 1972இல் நூலாக வெளிவந்த செங்கம் நடுகற்களில் வீரர் வில்லும் வாளும் ஏந்தி நிற்பர்; கல்வெட்டோ ஆநிரை பற்றிப் பேசும். 2006இல் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்றும் ஆகோள் பற்றிக் கூறுகிறது. வீரத்தின் பின்னால் நின்றது கால்நடைச் செல்வம் என்பதைக் கல்லே ஒப்புக்கொள்கிறது. பெரியமடு அடங்கிய மன்னார்ப் பெருநிலத்திலே, 1980-84 காலப்பகுதியில் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்த மாந்தைத் துறைமுகம் வாணிகத்தாலும் உழைப்பாலும் வளர்ந்தது. அவ்வகழ்வின் அறிக்கை நூலாவதற்கு 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் நின்றது போர். அப்போரின் உருவங்களும் இனி வடிக்கப்படும். அவற்றில் வாளேந்தியவன் மட்டும் நின்று, கிணற்றையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தவர் மறைவாராயின், சொலோகாப் பொற்கொல்லன் செய்ததையே நாமும் செய்தவராவோம். படைக்கலத்தை அளப்பது ஆய்வின் தொடக்கம் மட்டுமே. அதனைத் தாங்கியவரோடு, அதனால் தாக்குண்டவரையும் தேடுவதே ஆய்வின் கடன்.