சார்ளி வாட்ஸின் தாள வாசிப்பு – ஒரு நோக்கு

1963ஆம் ஆண்டு ஜனவரியில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவிற் சேர்ந்து, 2021 ஆகஸ்ட் 24ஆந் திகதி தமது எண்பதாவது வயதில் மறையும்வரை அதன் டிறம் கலைஞராகவே விளங்கியவர் சார்ளி வாட்ஸ். அவர் மறைந்தபொழுது எழுதப்பெற்ற அஞ்சலிகள் பல அவரது நேர்த்தியான உடையையும் குறைந்த பேச்சையும் குடும்பப் பற்றையும் விதந்து கூறின. அடக்கமான மனிதர், ஆதலால் அடக்கமான வாசிப்பு என்பது அவற்றின் உட்கிடை. இவ்விளக்கம் கேட்க இனிமையானது. ஆயினும் விமர்சனத்துக்குப் போதுமானதன்று. 1980களின் நடுப்பகுதியில் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் தாம் ஆட்பட்டிருந்ததை வாட்ஸ் பின்னர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். வாழ்வு நிலைகுலைந்த அக்காலத்திலும் அவரது வாசிப்பின் அடிப்படைப் பண்பு மாறவில்லை. எனவே, அவ்வடக்கத்தின் காரணத்தை அவரது குணத்திலன்றி, அவர் பயின்ற இசையிலும் மேற்கொண்ட முறையிலுமே தேடுதல் வேண்டும்.

வாட்ஸ் 1941இல் இலண்டனிற் பிறந்தவர். தந்தையார் புகைவண்டி நிறுவனமொன்றின் லொறிச் சாரதி. இளமையிற் பான்ஜோ ஒன்றின் கழுத்துப் பகுதியைக் கழற்றிவிட்டு, அதன் தோற்பரப்பையே டிறமாக்கி வாசித்தவர். அவரை முதலில் ஈர்த்தது றொக் இசையன்று, ஜாஸ் இசையே. ஜெறி மலிகன் குழுவிற் சிக்கோ ஹமில்ற்றன் மென்மையாக வாசித்த முறை அவரைப் பெரிதுங் கவர்ந்தது. ஸ்ரோன்ஸ் குழுவிற் சேர்ந்த பின்னர், நண்பர்களின் வழியாக ஜிம்மி றீட்டின் புளூஸ் இசைத்தட்டுகளை அவர் ஊன்றிக் கேட்டார். அவற்றில் டிறம் வாசித்த ஏர்ள் பிலிப்ஸ், பாடலைத் தாங்குவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அடியும் அடியாதவர். வாட்ஸின் அடக்கம் ஆங்கிலேயக் கனவானுக்குரிய பண்பெனப் பேசப்படுகையில், அதன் தோற்றுவாய் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் இருப்பது மறைக்கப்பட்டுவிடுகின்றது. வாட்ஸ் தாமே அம்மூலங்களை ஒருபோதும் மறைத்தவரல்லர்.

இனி, அவரது வாசிப்பு முறையை நோக்கலாம். றொக் இசையிற் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட தாள வட்டமே வழங்குகின்றது. அதன் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஸ்நெயர் எனப்படும் சிறு டிறத்தில் அழுத்தமான அடி விழும். வலக்கையோ ஹை-ஹற் எனப்படும் இணைத்தட்டின் மீது இடையறாது அடித்துக்கொண்டிருக்கும். டிறம் கலைஞர் பலரும் ஸ்நெயர் அடி விழும் வேளையிலும் இணைத்தட்டை அடிப்பர். வாட்ஸ் அவ்வேளையில் வலக்கையைத் தட்டிலிருந்து உயர்த்திவிடுவார். இதன் பயனாக ஸ்நெயர் ஒலி வேறொன்றும் கலவாது தனித்துக் கேட்கின்றது. தட்டின் ஓட்டத்திலோ சிறியதோர் இடைவெளி விழுகின்றது. அவ்விடைவெளியிற் பாட்டு மூச்சுவிடுகின்றது எனலாம். ஓரடியைக் கூட்டுவதால் அன்றி, ஓரடியைக் குறைப்பதாற் பெற்ற அழுத்தம் இது.

அவர் வரைகலை பயின்றவர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஹறோ ஓவியப் பள்ளியிற் கற்று விளம்பர நிறுவனத்திற் பணியாற்றியவர். 1967இல் வெளிவந்த 'பிற்வீன் த பற்றன்ஸ்' இசைத்தட்டின் பின்னட்டைச் சித்திரங்களும் அவருடையனவே. தாளின் வெற்றிடமும் சித்திரத்தின் ஓர் உறுப்பே என்பதை அறிந்த கை அது. நான்கு டிறங்கள் மாத்திரங் கொண்ட சிறிய தொகுதி அவருக்குப் போதுமானதாயிருந்தமையும் இந்நோக்கின்பாற்பட்டதே.

ஆயின், இஃது ஆற்றற் குறைவை அழகியலாக்கும் முயற்சியன்றோ என ஒருவர் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அலெக்சிஸ் கோர்னரின் புளூஸ் இன்கோர்ப்பறேற்றட் குழுவில் வாட்ஸ் வகித்த இடத்தை 1962இல் ஏற்றவர் ஜிஞ்சர் பேக்கர். பின்னர் கிறீம் குழுவில் நீண்ட தனி ஆவர்த்தனங்களை வாசித்துப் புகழ்பெற்ற பேக்கரின் கைத்திறன் வாட்ஸிடம் இருந்ததெனக் கூறவியலாது. 1969இல் ஸ்ரோன்ஸ் குழு வெளியிட்ட 'யூ கான்ற் ஓல்வேஸ் கெற் வட் யூ வோன்ற்' என்ற பாடலிலும் டிறம் வாசித்தவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லரேயன்றி வாட்ஸ் அல்லர். அவரது கை எல்லாவற்றுக்கும் உரியதன்று என்பதை ஒப்புக்கொள்வதால் அவர் பெருமை குன்றிவிடாது. எல்லையற்ற திறன் ஒன்று. தன் எல்லைக்குள் எதனை, எவ்விடத்தில் வைப்பது என்ற தெரிவு மற்றொன்று. விமர்சகர் மதிப்பிட வேண்டியது இரண்டாவதையே.

அத்தெரிவு எப்பொழுதும் குறைத்தலாகவே அமைந்தது எனவுங் கொள்ளலாகாது. 1965இன் 'சற்றிஸ்பக்ஷன்' பாடலில் வழக்கமான இரண்டு அழுத்தங்களை விடுத்து, நான்கு எண்ணிக்கையிலும் ஸ்நெயரை ஒலிக்கச் செய்கின்றார். அதே ஆண்டு வெளிவந்த 'கெற் ஓஃப் ஒஃப் மை கிளவுட்' பாடலோ அவரது டிறத்துடனேயே தொடங்குகின்றது. தொடக்கத்தில் வரும் உருட்டலைப் பாடல் நெடுகிலும் அவர் மீள மீள வாசிக்கின்றார். பாடல் வேண்டியபொழுது முன்வரவும் அவர் தயங்கவில்லை என்பதற்கு இவை சான்று.

குழுவினுள் அவரது இடமும் தனித்தன்மை வாய்ந்தது. பிற குழுக்களில் டிறம் கலைஞரைப் பின்பற்றியே ஏனையோர் வாசிப்பர். ஸ்ரோன்ஸ் குழுவிலோ டிறம் கலைஞர் கீத் றிச்சர்ட்ஸின் கிற்றாரைப் பின்பற்றினார் என, அக்குழுவிற் பேஸ் கிற்றார் வாசித்த பில் வைமன் விளக்கியுள்ளார். இதனால் ஒலிகளுக்கிடையே நுண்ணிய முன்பின் விலகல் எழுகின்றது. 1969இன் 'ஹொங்கி ரொங்க் விமன்' பாடலில் மில்லர் ஒலிக்கும் மாட்டுமணிக்கும் வாட்ஸின் டிறத்துக்கும் முற்றான பொருத்தமில்லை. பாடல் செல்லச் செல்ல வேகமுங் கூடுகின்றது. பொறியினால் அளந்தால் இவை பிழைகள். ஆயினும், ஒருவர் மற்றவரைச் செவிமடுத்தே வாசிக்கின்றனர் என்பதை அப்பாடலின் உயிர்ப்புக்குக் காரணமாகக் காட்டுவன இவையே. தாளத்தைப் பொறியின் அளவுக்கு ஒழுங்குபடுத்துவது எளிதாகிவிட்ட இக்காலத்தில் இதனை அழுத்திக் கூறுதல் வேண்டும்.

2023இல் வெளிவந்த 'ஹக்னி டயமண்ட்ஸ்' இசைத்தட்டின் இரு பாடல்களில், 2019இற் பதிவுசெய்யப்பட்ட வாட்ஸின் வாசிப்பு இடம்பெறுகின்றது. ஏனைய பாடல்களிற் பெரும்பாலானவற்றில் ஸ்ரீவ் ஜோர்டன் வாசிக்கின்றார். ஜோர்டன் ஆற்றல் மிக்க கலைஞர்; ஆதலால் இவ்வொப்பீடு ஒருவரைத் தாழ்த்துவதற்கன்று. அவ்விரு பாடல்களையும் ஏனையவற்றுக்கருகில் வைத்து, ஸ்நெயர் அடியைச் சூழ்ந்துள்ள இடத்தை மாத்திரம் ஒருமுறை கவனித்துக் கேட்டல் நன்று. வாட்ஸைப் பற்றிய மதிப்பீடு அவரது உடையில் அன்றி அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.