கைப்பிடியைச் சுற்றினால் பின்னல் வந்துவிடுமா?

வட்டமான பிளாஸ்டிக் மெஷினின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, சற்று நேரத்தில் ஒரு கம்பளிக் குல்லா கீழே இறங்குகிறது. இப்படிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பின்னல் மெஷின் வாங்குவது இப்போது ஒரு மோகம். இதைப் பயிற்சி என்று ஆதரிப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு பொருளை முடித்துப் பார்க்கட்டும், நுணுக்கம் தானாக வரும். வராது என்பது என் கட்சி.

மெஷின் பின்னலைக் குறுக்குவழி என்று கைப்பின்னல்காரர்கள் முகம் சுளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1589-இல் வில்லியம் லீ இங்கிலாந்தில் காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்ததிலிருந்து அதுவும் தனியொரு தொழில்நுட்பமாக வளர்ந்து வந்திருக்கிறது. பிரதர், சில்வர் ரீட் முதலிய ஜப்பானிய வீட்டு மெஷின்களின் வழக்கமான வகையில், நீண்ட பட்டையில் 4.5 மி.மீ. இடைவெளியில் 200 ஊசிகள்; இவையே பட்டை மெஷின்கள். ஊசிகளின் மேல் நகரும் கேரேஜை ஒரு முறை தள்ளினால் ஒரு வரிசை முடிந்துவிடும். மணிக்கட்டு வலிப்பவருக்கு இது வரம். முதல் நாளே கையில் கிடைக்கும் குல்லா ஊக்கம் தரும் என்பதும் சரி.

ஆனால் முதலில் முடித்துப் பார்க்கச் சொல்லும் இந்தப் பயிற்சி, துணியைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுத் தருவதில்லை. கைப்பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் விரலைத் தொட்டுத்தான் போகிறது. பட்டை மெஷினில் துணியின் பின்பக்கமே பின்னுபவரைப் பார்த்திருக்கும். கீழே தொங்கும் எடைகள் அதை நீளவாக்கில் இழுத்தபடி இருக்கும். எனவே கண்ணில் படுவது துணியின் முகமுமல்ல, மெய்யான அளவுமல்ல. ஊசியின் கொக்கி ஒரு முறை நூலைப் பிடிக்கத் தவறினால் கண்ணி நழுவிக் கீழே ஓடும். பல வரிசை கடந்த பிறகே ஏணிப்படிபோல் குறுக்கிழைகள் கண்ணில் படும்.

ஏன் நழுவியது? ஒரே ஊசியில் திரும்பத் திரும்ப நழுவினால் அதன் நாக்கு (லாட்ச்) வளைந்திருக்கலாம். ஓரங்களில் மட்டும் என்றால் அங்கே எடை போதவில்லை. அங்கங்கே சிதறி நழுவினால், பழைய மெஷினில் ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பட்டை நைந்துபோயிருக்கலாம். கேரேஜ் இறுகிக் கனத்தால், கண்ணியின் அளவைத் திருத்தும் டென்ஷன் டயலின் எண் நூலின் தடிமனுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். இந்த அடையாளங்களைப் பிரித்தறியத் தெரிந்தவரே மெஷின் கற்றவர். சுற்றிக்கொண்டே இருப்பதால் இவற்றில் ஒன்றுகூடத் தானாகத் தெரிந்துவிடாது.

அளவும் அப்படித்தான். 40 கண்ணி, 60 வரிசையில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, கழற்றித் துவைத்து, இழுப்பு அடங்கியபின் அளப்பது பழைய மெஷின்காரர்களின் வழக்கம். துவைக்காமலே அளந்து, 10 செ.மீ.க்கு 28 கண்ணி என்று கணக்கிட்டு 50 செ.மீ. அகலத்துக்கு 140 கண்ணி ஏற்றுகிறோம் என்று வையுங்கள். துவைத்த பிறகு அது 30 கண்ணியாக நெருங்கினால், முன்னும் பின்னுமாகச் சுற்றளவில் ஆறரை செ.மீ.க்கு மேல் போய்விடும். ஸ்வெட்டர் உடம்பில் இறுகிப் பிடிக்கும். பரவலாக விற்கும் வட்ட மெஷினிலோ 48 ஊசி, பெரும்பாலும் ஒரே குழாய். கண்ணியின் அளவைத் திருத்த டயலும் இல்லை. அளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அதனால்தான் பத்தாவது குல்லாவை முடித்தவரும் முதல் குல்லாவின் அறிவோடேயே நிற்கிறார். பட்டை மெஷினுக்கு மாறிய அன்றே அவர் திகைத்துப்போய், மெஷின் சரியில்லை என்று மூலையில் தள்ளிவிடுகிறார். பழுது மெஷினில் அல்ல, வேகத்தையே பாடமாக வைத்த போதனையில்.

முதல் பாடம் நழுவிய கண்ணியாக இருக்கட்டும். வேண்டுமென்றே ஒரு கண்ணியை ஊசியிலிருந்து விழவிட்டு, சில வரிசை ஓடவைத்து, லாட்ச் கருவியால் ஒவ்வொரு குறுக்கிழையாகப் பிடித்து மேலே ஏற்றச் சொல்லுங்கள். துணி எப்படி உருவாகிறது என்பது அந்த ஒரு பயிற்சியில் விளங்கிவிடும். அதோடு, ரிப்பர் என்ற துணைப் பட்டை இல்லாத மெஷினில் ஸ்வெட்டரின் கீழ்விளிம்புக்கு ரிப் பின்னல் போடுவதும் இதே கைவேலையால்தான்: இடைவிட்டு இடைவிட்டுக் கண்ணிகளை இறக்கி, மறுபக்கமாகத் திருப்பி ஏற்றுகிறார்கள். பிழை திருத்தக் கற்றவருக்கு அடுத்த நுட்பமும் அங்கேயே கைவந்துவிடுகிறது. தொடங்குபவருக்கு இது சலிப்பூட்டும் என்று இதைத் தள்ளிவைக்கும் ஆசிரியர் மெஷின் விற்க உதவுகிறார். பின்னல் சொல்லித் தரவில்லை.