தோலோடா, மூட்டையிலா?

மக்காச்சோளத்தைத் துளைக்கும் கூன்வண்டு இலங்கையிலும் இந்தியாவிலும் ஒன்றுதான். பெண்வண்டு மணியில் குழி தோண்டி முட்டையிட்டு, பசை போன்ற சுரப்பால் அதை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, சுமார் ஐந்து வாரத்தில் வண்டாக வெளியேறும். ஓட்டை நம் கண்ணில் படும்போது அதன் சாப்பாடு முடிந்திருக்கும்.

இலங்கையில் மொனராகலை, அனுராதபுரம் பக்கம் பெரும்போக மழையை நம்பிச் காடு வெட்டித் திருத்திய சேனை நிலங்களில், அங்கே சோளன் எனப்படும் மக்காச்சோளம் விளைகிறது. பழைய வீடுகளில் விதைக்கும் சமையலுக்குமான கதிர்களைத் தோல் உரிக்காமல் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். புகைக்குத்தான் எல்லோரும் புகழ் பாடுகிறார்கள். பாதிப் புகழாவது அடுப்பின் சூட்டுக்கும் கதிரை மூடிய தோலுக்கும் சேர வேண்டும் என்பேன். காய்ந்த மணியில் வண்டு பெருகத் திணறும். நுனிவரை இறுக மூடிய தோலுக்குள் நுழைவதும் கடினம். நுனி திறந்த கதிரென்றால் வயலிலேயே வண்டு ஏறிவிடும். பெரிய கதிர் தரும் சில வீரிய ரகங்களில் இந்தக் குறை உண்டு. அவற்றைத் தோலோடு தொங்கவிட்டால், உள்ளே ஏறிய வண்டையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறோம்.

தமிழ்நாட்டில் பெரம்பலூர் மக்காச்சோளம் போவது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு. இயந்திரத்தில் உதிர்த்து, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டுகிறார்கள். உதிர்த்ததில் ஒரு லாபம் உண்டு: அந்துப்பூச்சியால் குவியலின் ஆழத்துக்குப் போக முடியாது, மேல்பரப்போடு நின்றுவிடும். கூன்வண்டு போகும். அதனால் கிடங்குகளில் காற்றுப்புகா விரிப்பு போர்த்தி, டன்னுக்கு 3 என்ற கணக்கில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து, ஒரு வாரம்வரை மூடிவைக்கிறார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மணிக்குள் இருக்கும் புழுவையும் கொல்லும். விரிப்பில் கசிவு இருந்தால் சாகாமல் தப்பியவை பெருகும். மருந்துக்கு அசையாத சிவப்பு மாவு வண்டுகள் இந்தியாவில் இப்படித்தான் பெருகின. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் துளைக்குழாய்ப் பொறி எனக்குப் பிடித்தது. தானியத்துக்குள் செருகிவைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியாக உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளும். சேதம் பெருகுமுன்னே செய்தி கிடைத்துவிடும்.

நாடுகளைவிட, யாருக்காகச் சேமிக்கிறோம் என்பதே முறையைத் தீர்மானிக்கிறது. இலங்கையிலும் தீவன ஆலைக்குப் போகும் சோளம் மூட்டையில்தான் போகிறது.

நகர வீட்டில் சேமிப்பதென்றால் கதை வேறு. கோலாலம்பூரின் சாலாக் செலாத்தான் அடுக்குமாடியில் விறகடுப்பும் இல்லை, வறண்ட மாதமும் இல்லை. மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அந்த வாயு மனிதரையும் கொல்லும். புறாவுக்கு வாங்கிய ஒரு பை சோளத்தை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பையைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு இறுக்கமான மூடியுள்ள புட்டியில் கொட்டுங்கள். கடித்தால் நறுக்கென்று உடையாத மணியை அடைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடித்துவிடும்.