இரக்கமும் இயந்திரமும்

பார்வையற்ற இளைஞர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிக்கப்பட்டது; சான்றிதழ்கள் வழங்கப்பட்டன; பிரமுகர்கள் உரையாற்றினர். இத்தகைய செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். புகைப்படத்தின் நடுவில் மாலையணிந்த பெரியவர். இரு மருங்கிலும் சான்றிதழ் தாங்கிய இளைஞர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் எங்கே இருக்கின்றனர், என்ன ஊதியம் பெறுகின்றனர் என்று கூறும் செய்தியை நாம் வாசிப்பது அரிது. பயிற்சிக்கும் தொழிலுக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் கிடக்கின்றது. அப்பள்ளத்தை வெட்டியவர் யார் என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள்.

நமது சமுதாயம் பெயர் மாற்றுவதில் சோம்பல் காட்டியதில்லை. அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், இன்று மாற்றுத்திறனாளிகள் என்றும் விசேட தேவையுடையோர் என்றும் கூறுகின்றோம். பெயர் உயர்ந்தது, நிலை உயர்ந்ததா? பிரம்பு பின்னுதலும் விளக்குமாறு கட்டுதலும் அவர்க்குரிய தொழில்கள் என முன்னோர் விதித்தனர். இன்று விளக்குமாற்றின் இடத்தில் கணினியை வைத்திருக்கின்றோம். அதை அளிக்கும் கையில் இருப்பது பழைய தருமகர்த்தாவின் மனோபாவமே.

இலங்கையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1988இல் வெளிவந்த பொது நிர்வாகச் சுற்றுநிருபமொன்று, அரசாங்க சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உத்தியோகத்துக்கு ஆட்சேர்க்கையில் இயலாமையைக் காரணங்காட்டிப் பாரபட்சம் புரிதலைத் தடைசெய்தது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையையும் நமது நாடு 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 27ஆம் உறுப்புரை தொழில் புரியும் உரிமையைப் பற்றியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 சதவீதத்தினர், ஏறக்குறைய 16 இலட்சம் மக்கள், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனுமொரு சிரமம் உடையவர்கள். இது சிறு கூட்டமன்று.

1988ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தில் ஒரு நிபந்தனை உண்டு: விண்ணப்பதாரியின் குறைபாடு அவரது கடமைக்கு இடையூறாக இருத்தலாகாது. பார்வைக்கு நியாயமான வாசகந்தான். ஆயின், இடையூறு எங்கே இருக்கின்றது? உடலிலா, உபகரணத்திலா? காகிதக் கோப்பொன்றே கந்தோரின் உயிராயிருந்த காலத்தில், கண்ணில்லாதவர் இலிகிதராதல் அரிதாகத் தோன்றியிருக்கலாம். இன்று திரையிலுள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான்கள் உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது, பார்வையற்றவரான இரு அவுஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கி, உலகுக்கு இலவசமாக வழங்கியது. இன்னொன்றையும் நினைவுகூரலாம். தட்டச்சுப் பொறியின் ஆதி வடிவங்களுள் ஒன்றை இத்தாலியரான பெல்லெக்ரீனோ தூரி, 1808ஆம் ஆண்டளவில், பார்வையிழந்த ஒரு பெண்மணி தாமே கடிதம் எழுதுவதற்காக அமைத்தார். அன்று அவள் தேவைக்காகப் பிறந்ததைப் போன்ற எழுதும் பொறிகளே பின்னர் உலகக் கந்தோர்களை நிறைத்தன. கருவி மாறும்போது இடையூறு என்பதன் பொருளும் மாறுகின்றது. மாறாதிருப்பது நேர்முகப் பரீட்சை மண்டபத்தின் மனப்பான்மை.

இனி நம் வீட்டுக் குற்றத்துக்கு வருவோம். கணினித் தமிழில் 'பாமினி' என்னும் எழுத்துரு இந்நாட்டில் பெருவழக்குப் பெற்றது. அதில் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கின்றது. 'அம்மா' என்று நாம் அடித்தால், கணினி அறிவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்ற கோவையை மட்டுமே. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். தாயின் பெயர் பொருளற்ற ஓசையாகிவிடுகின்றது! ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது; அம்முறையில் எழுதியதைக் கருவி தமிழாகவே ஒலிக்கும். எழுத்தைப் படமாகப் பிடித்துக் கோப்பாக அனுப்பினாலோ, அக்கருவி ஊமையாகிவிடும். ஆறு மாதம் பயிற்சி பெற்ற இளைஞன் கந்தோருள் நுழைகின்றான்; அங்குள்ள தமிழ்க் கோப்புகள் பாமினியிலும் படத்திலும் கிடக்கின்றன. "உம்மால் முடியாது" என்கின்றார் மேலதிகாரி. முடியாமை யாருடையது? மொழிப்பற்றை மேடையில் முழங்கும் நாமும், நமது ஏடுகளும், இப்பழிக்கு விலக்கல்ல.

செவிப்புலனற்றோர்க்குச் சைகை மொழிபெயர்ப்பாளரின்றி நடத்தப்படும் வகுப்பும், சக்கர நாற்காலியில் வருவோர்க்கு மேல்மாடியில் நடத்தப்படும் வகுப்பும் இவ்வகையினவே. வீட்டிலிருந்தே கணினியில் உழைக்கலாமே என்பர் சிலர். விரும்புவோர்க்கு அது வரந்தான். ஆனால், பேருந்துப் படியைத் தாழ்த்தும் செலவை மிச்சப்படுத்தவும், துண்டு வேலைக்குச் சில்லறை கொடுக்கவும் அது சாக்காகுமாயின், பழைய மூலையறைக்கு மின்னிணைப்புக் கொடுத்ததாகவே முடியும்.

இலக்கியகாரர்களும் தப்ப முடியாது. நமது கதைகளிலும் திரைப்படங்களிலும் குருடர் பாடுகின்றார். முடவர் தியாகம் செய்கின்றார். ஊமைப்பெண் கண்ணீருக்குக் காரணமாகின்றாள். சம்பளம் வாங்கி, அது போதாதென்று தொழிற்சங்கத்தில் சேர்ந்து சண்டையிடும் பார்வையற்ற இலிகிதரை எத்தனை கதைகளில் சந்தித்தோம்? ஹெலன் கெல்லருக்கு நேர்ந்ததும் இதுவே. தண்ணீர்க் குழாயடியில் சொல்லறிந்த சிறுமியைப் பாடநூல்கள் போற்றுகின்றன. 1909இல் அமெரிக்க சோசலிசக் கட்சியில் சேர்ந்த பெண்மணியை, வறுமையும் தொழிற்சாலை விபத்துகளும் மனிதரைக் குருடராக்குகின்றன என்று வாதிட்டவரை, அவை மறைத்துவிடுகின்றன. 2009இல் முடிவுற்ற யுத்தத்தில் கண்ணும் காலும் இழந்தோர் வாழும் இந்நாட்டில், குறைபாடு விதியின் விளையாட்டென்று சொல்ல எவர்க்கு உரிமையுண்டு?

பட்டதாரிகளே வேலையின்றி இருக்கையில் இவர்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நம் அணியிலுள்ளோரே கேட்பதுண்டு. உழைப்போரைப் பிரித்து வரிசையில் நிறுத்தி, பின்னால் நிற்பவனைக் காத்திருக்கச் சொல்லும் குரல் அது. முதலாளிக்கு மிக உவப்பான குரல். சமுதாயம் முழுவதும் மாறிய பின் இவர் துயரும் தீரும் என்பதும் காத்திருக்கச் சொல்வதன் மறு உருவமே.

ஆகவே, ஆசிரியர்காள், மாணவர்காள்! பெருந்திட்டங்கள் வருமுன்னரே நம் கைக்கெட்டிய கருமங்கள் உள்ளன. பாடக்குறிப்பையும் வினாத்தாளையும் ஒருங்குறியில் எழுதுவோம். பயிற்சி நெறியொன்று தொடங்கும்போது, வேலை தரப்போவது யார் என்பதை முதல்நாளே கேட்போம். அந்த 3 சதவீதத்தின் கணக்கைத் திணைக்களந்தோறும் வெளியிடுமாறு நமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். சான்றிதழ் விழாவில் கைதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது; அவ்விளைஞனின் முதற் சம்பள நாளன்று அவனோடு தேநீர் அருந்துவதற்கும் நாம் உரித்துடையோராதல் வேண்டும்.