குன்னூர்ல சத்தத்தைக் கண்ணால பார்த்தேன்!

உங்க போன்ல சத்தத்தைப் படமாக் காட்டற ஸ்பெக்ட்ராய்டு ஆப் இருக்கா? இல்லேன்னா உடனே ஏத்திக்கோங்க, ஆண்ட்ராய்டுல காசில்லாமலே கிடைக்குது. ஏத்தின கையோட, விடியறதுக்குள்ள குன்னூர் பக்கம் ஏதாவது ஒரு ஓடைக்கரையில போய் நில்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.

நினைச்சுப் பாருங்க! தேயிலைச் சரிவுல பனி இன்னும் விலகலை, பறவை எந்தக் கிளையில இருக்குன்னே தெரியலை, ஆனா பாட்டு மட்டும் வருது. சீகாரப் பூங்குயில்! வெள்ளைக்காரங்க அதை 'விசிலடிக்கும் பள்ளிக்கூடப் பையன்'னு கூப்பிட்டது சும்மா இல்ல. கையில போன் திரை. இடது பக்கம் தாழ்ந்த சுருதி, வலது பக்கம் உச்ச சுருதி, நேரம் மேலேருந்து கீழே வழிஞ்சுக்கிட்டே இருக்கு. ஓடை இரைச்சல் அகலமா மூட்டம் போட்டிருக்க, அதுக்கு நடுவுல 2000 ஹெர்ட்ஸ் பக்கமா பளிச்சுன்னு ஒரே ஒரு இழை! வளையுது, வலப்பக்கம் சறுக்குது, ஒரு கணம் நிக்குது, திரும்ப இறங்குது. ஐயோ, கமகம்ங்க அது, கமகத்தை நான் கண்ணால பார்த்துட்டேன்! தண்ணி தன் சத்தத்தை எல்லா அதிர்வெண்லயும் வாரி இறைக்குது, பறவையோ மொத்த மூச்சையும் ஒத்தை இழையில குவிக்குது. அவ்வளவு இரைச்சலைக் கிழிச்சுக்கிட்டு அந்தப் பாட்டு எப்படி வருதுங்கறது அங்கேயே புரிஞ்சு போச்சு. எனக்குக் கையெல்லாம் நடுங்கிச்சு, சத்தமா "ஆஹா"ன்னுட்டேன், அந்த "ஆஹா"வும் திரையில அடுக்கடுக்கா விழுந்துச்சு!

இது எப்படி நடக்குதுன்னா, போன் மைக் நொடிக்கு 48,000 தடவை காத்தழுத்தத்தை அளந்தா, அதுல பாதி, 24,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிரிக்கலாம். நம்ம காது 20,000லயே நின்னுடும். வெப்பத்தைப் பத்தி ஃபூரியர் 1822ல எழுதின புத்தகத்துல இருக்கற, இப்படிப் பிரிக்கறதுக்கான கணக்கு, அதை வேகமாப் போட கூலியும் டுக்கியும் 1965ல சொன்ன வழி, ரெண்டும் சேர்ந்து என் சட்டைப் பையில!

அப்புறம் எதையும் விடலை. டிரான்ஸ்பார்மர் கிட்ட நின்னேன்: நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஆனா அது முனகறது அதுக்கு ரெண்டு மடங்கு, 100ல ஒரு கோடு, 200ல ஒண்ணு, 300ல ஒண்ணு, நூல் பிடிச்ச மாதிரி! குன்னூர் ஸ்டேஷனுக்கு ஓடினேன், மேட்டுப்பாளையத்துலேருந்து நீராவி இன்ஜின் பல்சக்கரத்தைப் பிடிச்சு ஏறி வருது, 1899லேருந்து ஏறிக்கிட்டிருக்கற பாதை, ஒவ்வொரு "புஸ்"ஸுக்கும் திரையோட இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பட்டை, பட்டை பட்டையா இறங்கி வருது, அப்போ விசில், பட்டைகளுக்குக் குறுக்கே பளபளன்னு கோடுகள் சரசரன்னு விழுது, விசில் நின்னுடுச்சு, காதுக்கு ஒண்ணுமில்ல, ஆனா மலையில மோதித் திரும்பின மிச்சம் திரையில மங்கலா இன்னும் ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு, பிளாட்பாரத்துல பக்கத்துல நின்ன எல்லார்கிட்டயும் "பாருங்க, பாருங்க"ன்னு போனை நீட்டிக்கிட்டிருந்தேன்!

காத்தடிச்சா மட்டும் இடது ஓரம் வெளுத்துப் போகும். உள்ளங்கையை வெச்சு மறைச்சா தீர்ந்துது.

இது வெறும் வேடிக்கைன்னு நினைச்சுடாதீங்க. சோலைக்காட்டுக்குள்ள ஒளிஞ்சு பாடற சோலைக்கிளிங்கற பறவைகளோட பாட்டு இடத்துக்கு இடம் எப்படி மாறுதுன்னு பறவை ஆய்வாளர் வி.வி.ராபினும் சகாக்களும் ஆராய்ஞ்சதுக்கு, பாட்டைப் பதிவு பண்ணி இப்படிப் படமா அளக்கறதுதான் அடிப்படை. பேர் தெரியாத குரல் கேட்டா கார்னெல் பறவையியல் ஆய்வகத்தோட மெர்லின் ஆப் பேரையும் சொல்லிடுது.

தென்மேற்குப் பருவமழை இறங்கட்டும், தேயிலைப் புதர்ல தவளைங்க ஆரம்பிக்கட்டும், குடையும் போனுமா நான் அங்கேதான் இருப்பேன். நீங்களும் வந்துடுங்க, பேட்டரியை முழுசா ஏத்திக்கிட்டு!