அலவன் ஆட்டல் முதல் ஆழ்கடல் ஊர்தி வரை: சிறாருக்கான எழுத்தில் கடலும் வினாவும்

ஆய்வுச் சுருக்கம்

கடல் குறித்த ஆர்வத்தையும் படைப்பூக்கத்தையும் சிறாரிடம் தூண்டும் எழுத்து எத்தகைய இயல்புடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அகநானூற்று ஆமைக் காட்சி, தமிழ்க் கலைக்களஞ்சிய மரபு, ரேச்சல் கார்சனின் கருத்து ஆகியவை தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ச் சூழலில் வைத்து மதிப்பிடப்படுகின்றன. சிறார் தாமே சென்று கண்டு விடை தேடத்தக்க ஒன்றை வினாவாக விட்டுவைக்கும் எழுத்தே பயன் மிக்கது என்பது கட்டுரையின் முடிவாகும்.

குறிச்சொற்கள்: சிறார் இலக்கியம், நெய்தல், அகநானூறு, பங்குனி ஆமை, பள்ளிக்கரணை

முன்னுரை

தாம்பரத்திற்கும் வேளச்சேரிக்கும் இடைப்பட்ட சாலையில், பள்ளிக்கரணையில், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்துள்ளது. 1993இல் தோற்றுவிக்கப்பட்ட இந்நிறுவனம், சமுத்ரயான் திட்டத்தின்கீழ் மூவரை 6000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசெல்லவல்ல ‘மத்ஸ்யா 6000’ என்னும் ஊர்தியை உருவாக்கி வருகிறது. அச்சாலை வழியே பள்ளி செல்லும் மாணவருக்கோ கடல் என்பது பெரும்பாலும் விடுமுறை நாளில் சென்றுவரும் இடம்; 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் அச்சத்திற்கும் உரிய இடம். நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர் தொலைவிற்குள் உள்ள கடல், அவர்தம் அறிவுலகில் மிகச் சேய்மையில் உள்ளது. இச்சேய்மையைக் குறைப்பதில் எழுத்தின் பங்கு யாது என்பதே இங்கு எழும் சிக்கல்.

நெய்தல் மரபில் காட்சியும் வினாவும்

சங்க நெய்தற் பாடல்களில் கடற்கரை விளையாட்டுக் களமாகவும் விளங்குகிறது. மணலில் சிற்றில் இழைத்தலும், நண்டுகளை விரட்டி விளையாடும் அலவன் ஆட்டலும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இப்பாடல்கள் சிறாருக்காக எழுந்தவை அல்ல. தலைவியின் காதலைப் புலப்படுத்தும் அகப்பொருட் பாடல்கள். ஆயினும் கடலை விளையாட்டின் வழியே அணுகும் ஒரு பார்வை இம்மரபில் தொன்றுதொட்டு நிலவியது என்பதற்கு இவை சான்றாகும். நண்டைத் துரத்துபவர் அது எப்பக்கம் ஓடும், எவ்வளையில் புகும் என்பதைக் கூர்ந்து நோக்கியாக வேண்டும். இங்கு விளையாட்டே உற்றுநோக்கலுக்குப் பயிற்சியாகிறது.

குமுழிஞாழலார் நப்பசலையார் பாடிய அகநானூற்று 160ஆம் பாடல் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டைகளைப் புதைத்து மறைப்பதும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருப்பதும் அதில் சொல்லப்படுகின்றன. முட்டையின் வடிவிற்குத் தந்தத்தாலான வட்டு உவமையாகிறது. வட்டு விளையாட்டுக் கருவி என்பது கருதத்தக்கது. ஆமை முட்டையை மேசைப்பந்தாட்டப் பந்துடன் ஒப்பிடுவது இன்றைய விளக்க நூல்களில் வழக்கமாக உள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு காலத்தார் ஒரே பொருளுக்குத் தத்தம் விளையாட்டிலிருந்து உவமை தேடியுள்ளனர். புதியதொன்றைத் தாம் அறிந்த ஒன்றால் விளக்க முற்படும் இச்செயலே படைப்பூக்கத்தின் முதற்படி எனலாம்.

இப்பாடலின் உயிரியல் செய்தி ஒரு பகுதி சரியாகவும் ஒரு பகுதி பிழையாகவும் உள்ளது. மணலில் குழி பறித்து முட்டையிட்டு மூடிச் செல்வது கடலாமையின் இயல்பே. ஆனால் தாய் ஆமை மீண்டும் வந்து கூட்டைக் காப்பதில்லை. ஆண் ஆமை முட்டையிடும் கரைக்கு வருவதே இல்லை. உரை மரபு இதனைத் தலைவியின் நிலையோடு இயைத்துப் பொருள் கண்டு அமைகிறது. சிறாருக்குக் கற்பிப்போர் வேறு வழியிலும் இதனைப் பயன்கொள்ளலாம். ‘புலவர் எதனைக் கண்டார், எதனைக் கருதிக்கொண்டார்?’ என்னும் வினாவை எழுப்புவதற்கு இதனினும் பொருத்தமான பாடல் அரிது. பிழையைச் சுட்டிப் பாடலைத் தாழ்த்துவதோ, பாடலைப் போற்றிப் பிழையை மறைப்பதோ இவ்வினாவை அடைத்துவிடும்.

செய்தி நிறைவும் வினாக் குறைவும்

இக்காலத் தமிழில் சிறாருக்கான அறிவு நூல்களின் தலையாய முயற்சி, பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் ஆகும். அறிவியலைத் தமிழில் சிறாருக்கு வழங்க இயலும் என்பதை நிறுவிய அதன் பணி பெரிது. எனினும் கலைக்களஞ்சியம் என்னும் வடிவத்திற்கு ஓர் எல்லை உண்டு. வினா எழுந்தபின் நாடிச் செல்லுதற்கு உரிய வடிவம் அது. வினாவை எழுப்புவது அதன் முதன்மை நோக்கம் அன்று. கதை, பாடல், கட்டுரை ஆகியவற்றில் எழுதுவோரும் அவ்வடிவத்தையே பின்பற்றி மிகப் பெரியது, மிக ஆழமானது என அடுக்கிச் செல்லும்போது, கடல் சிறாருக்கு மனப்பாடப் பொருளாகிவிடுகிறது.

ஆழ்கடல் ஊர்தி பற்றிய செய்திகளையே சான்றாகக் கொள்ளலாம். மனிதர் அமரும் கோளம் 2.1 மீட்டர் விட்டமுடையது, டைட்டானியத்தால் ஆனது, 12 மணி நேரமும் இடருற்ற காலத்தில் 96 மணி நேரமும் தாங்கவல்லது என்னும் விவரங்கள் வியப்பளிப்பவை. ஆனால் அது ஏன் கோள வடிவில் உள்ளது என்று கேட்கும்போதே சிந்தனை தொடங்குகிறது. 6000 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 600 மடங்கு. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் அவ்விசையைச் சீராகப் பகிர்ந்து தாங்கவல்ல வடிவம் கோளம். நீர் நிறைந்த புட்டியில் மேலும் கீழுமாகத் துளையிட்டு, கீழ்த்துளை நீர் விசையுடன் பீய்ச்சுவதைக் காணும் மாணவர் இக்கருத்தின் முதற்படியைத் தாமே அடைவர். இவ்வழியைக் காட்டும் எழுத்தே தேவைப்படுகிறது.

கார்சனின் கருத்தும் அதன் எல்லையும்

1956இல் கட்டுரையாக வெளிவந்து, மறைவுக்குப்பின் 1965இல் நூலாக்கம் பெற்ற எழுத்தில் ரேச்சல் கார்சன், சிறாருக்கு அறிதலினும் உணர்தல் முற்பட்டது என்றும், அவ்வியப்பைப் பகிர்ந்துகொள்ளும் பெரியவர் ஒருவரேனும் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இக்கருத்து ஏற்புடையதே. ஆனால் அவர் காட்டும் சிறுவன் மெய்ன் மாநிலக் கடற்கரையில் அலையோசை கேட்டு மகிழ்பவன். செம்பாக்கத்திலும் முடிச்சூரிலும் வாழும் சிறாருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே இங்குக் கடல் பற்றிய எழுத்து நீரின் வழியிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

தாம்பரத்தின் மேற்கே முடிச்சூர்ப் பகுதியின் மழைநீர் அடையாற்றைச் சேர்ந்து கடலை அடைகிறது. கிழக்கே செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. தெருவில் விழும் மழைத்துளி எவ்வழியே கடலை அடையும் என்னும் வினா ஒரு வரைபடமாகவோ கதையாகவோ மலரத்தக்கது. 2015ஆம் ஆண்டு வெள்ளமும், 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தகுதி பெற்றதும் அக்கதையில் இயல்பாக இடம்பெறும். கால்வாயில் எறியப்படும் நெகிழிப் பையும் அவ்வழியே செல்லும் என்பதை அறிவுரையாகக் கூற வேண்டிய தேவையும் எழாது.

அவ்வழியின் மறுமுனையில், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் இரவு நடை மேற்கொண்டு பங்குனி ஆமையின் முட்டைகளைக் காத்து வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பெருந்தொகையான ஆமைகள் இறந்து ஒதுங்கின. நெய்தற் பாடல் காட்டிய உயிர் இன்றும் அதே மணலை நாடி வருகிறது; அது தொடர்ந்து வருமா என்பது வளரும் தலைமுறையின் அக்கறையையும் பொறுத்தது.

முடிவுரை

கடலின் பெருமையை உரைப்பதோடு நில்லாமல், காணத்தக்க ஒரு நண்டையோ, தொடரத்தக்க ஒரு கால்வாயையோ, ஐயுறத்தக்க ஒரு பாடலையோ சிறாரிடம் ஒப்படைக்கும் எழுத்தே ஆர்வத்தைத் தூண்டவல்லது. அத்தகைய எழுத்துக்குரிய வேர் நெய்தல் மரபிலும், களம் புறநகரின் ஏரிகளிலும் சதுப்பு நிலத்திலும் உள்ளன. சிறார் இலக்கிய மதிப்பீட்டில் ஒரு நூல் எத்தனை செய்திகளைத் தருகிறது என்பதோடு, அதனைப் படித்து முடித்தவரிடம் எத்தனை வினாக்களை எழுப்புகிறது என்பதும் அளவுகோலாகக் கொள்ளப்படுதல் வேண்டும்.