பனியில்லா ஊரின் சறுக்கு

பனியே காணாத திருவனந்தபுரத்தில் சறுக்கு என்றால் சக்கரம்தான். ஆனாலும் பனித்தளத்தில் எழும் ஃபிகர் ஸ்கேட்டா, ஹாக்கி ஸ்கேட்டா என்ற கேள்வி இங்கும் வேறு உருவில் வருகிறது. ஃபிகர் ஸ்கேட்டின் நுனியில் குதிப்பதற்கான பற்கள் உண்டு. ஹாக்கி ஸ்கேட்டில் அவை இல்லை, சட்டென்று திரும்பலாம்.

சக்கரத்தில் ஃபிகருக்கு உறவு குவாட்: முன்னே இரண்டு, பின்னே இரண்டு சக்கரம், நுனியில் ரப்பர்க் கட்டை. 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை பெற்ற அமைப்பில், உடல் சாயும் பக்கமே சக்கரங்களும் திரும்பும். உள்ளிருக்கும் சிறு ரப்பர்த் துண்டு செய்யும் வேலை. என்ன அழகான யோசனை!

ஹாக்கிக்கு உறவு ஒற்றை வரிசை இன்லைன். வேகம் அதற்கு, குழந்தைக்கு முதலில் குவாட்தான் என்பேன். மேடும் பள்ளமுமான இந்த ஊரில் சமதளத்தில் பழக்குங்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்த சக்கரப் பேரிங்கை அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள். வாங்கும்போது கடையிலேயே குழந்தைக்கு மாட்டி, நாடாவை இறுக்கி முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். குதிகால் எழும்பினால் வேறு அளவு கேளுங்கள்.